ஆறு மணி நேரம் என்று சொன்ன டிக்கெட்

என் மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளையும் இருக்கட்டும், அவர் செய்ததற்குக் கீழே வருகிறேன்.

நான் உன் வீட்டுக்கு வந்த வழியில் நடந்ததை அங்கே வைத்துச் சொல்லவில்லை. சொன்னால் மாப்பிள்ளை சிரிப்பார். விமானம் காலை பத்துக்குக் கிளம்பி மாலை நாலுக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. விரல்விட்டு எண்ணினேன், ஆறு மணி நேரம். போனில் மாப்பிள்ளையைக் கேட்டேன். "டிக்கெட்ல அப்படித்தான் போட்டிருக்கு அத்தை" என்றார். பொய் சொல்லவில்லை மனுஷர், உண்மையும் சொல்லவில்லை. பதினாறு மணி நேரம் என்றால் ஏறமாட்டேன் என்று தெரிந்த ஆள். உங்கள் ஊர்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்குப் பத்து மணி நேரம் பின்னால் வருகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

என் கைக்கடிகாரத்தில் நாலு ஆனதும், முந்தி இறங்க வேண்டுமே என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றேன். பணிப்பெண் ஓடி வந்தாள்.

"பாட்டி, எங்க போறீங்க?"

"இறங்கத்தான்மா. நாலு ஆச்சே."

"இன்னும் பத்து மணி நேரம் இருக்கு பாட்டி."

"ஏன், வழி தப்பிட்டீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்து, எதிரே இருந்த திரையில் எறும்பு மாதிரி ஊர்ந்த விமானத்தைக் காட்டி, மொத்தம் பதிமூவாயிரம் கிலோமீட்டர் என்றாள். அவளைப் பெற்றவள் புண்ணியவதி. ஓட்டினவரையும் சொல்ல வேண்டும். கீழே ரோடு கிடையாது, கைகாட்டி கிடையாது, எவரையும் வழி கேட்காமல் அவ்வளவு தூரம் போய்ச் சொன்ன இடத்தில் பூப்போல வைத்தார். உன் அண்ணன் அடுத்த தெருவுக்குப் போக நாலு பேரைக் கேட்பான்.

பக்கத்து சீட்டில் ஒருத்தி தனியாக இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். ஒன்று வாந்தி, ஒன்று வீல் வீல் என்று அழுகை. கடைசிவரை அவள் சாப்பாட்டுத் தட்டின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. சின்னதை ஒரு மணி நேரம் நான் வாங்கி வைத்துக்கொண்டேன், கை மரத்துப்போனது. இப்படித்தானே நீ நாலு தடவை வந்தாய்? கடைசியாக வந்தது மூன்று வருஷம் முன்பு, வியாழக்கிழமை, பச்சைச் சட்டை. வந்ததும் படுத்தாய், சனிக்கிழமை எழுந்தாய். "தூங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு நீ வரவே இல்லை.

உன் வீட்டில் நானும் இரண்டு நாள் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். நீ திரைச்சீலையை இழுத்துவிட்டு, "பாட்டி தூங்குறாங்க, வாயைத் திறந்தா தெரியும்" என்று பிள்ளைகளை அதட்டியது அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது. எழுந்த பிறகாவது நான் கேட்டதையே திருப்பிக் கேட்பாய் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்திருக்கும். கேட்காமலே விட்டாயே, இதை நான் மறக்க மாட்டேன்.

வாயில் வராததை எழுதிவிடுகிறேன். நான் கேட்டது தப்பு. இனி விமானத்தில் கால் வைக்க மாட்டேன். லீவுக்கு நீ பிள்ளைகளோடு வா. எத்தனை நாள் வேண்டுமானாலும் தூங்கு. எவராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் முழு ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்குக் கால்வாசி.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: எழுதி முடித்த பிறகு யோசித்தேன். நீ இரண்டு பிள்ளைகளைச் சுமந்து வருவதைவிட நான் ஒரு பையைச் சுமந்து வருவது சுலபம். நீ வர வேண்டாம். அண்ணனிடம் எனக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன், ஜன்னல் ஓரமாக.