மூக்குத்துரை வாங்கின சோப்பு

உலகத்துலயே மூக்கை முன்னால அனுப்பிட்டு, தான் பின்னால நடந்து போற மனுஷன் ஒருத்தர்தான். அவரு எங்க வண்டன்மேட்டு மூக்குத்துரை. மத்தவங்களுக்கு முகத்துல மூக்கு இருக்கும். இவருக்கு மூக்குக்குப் பின்னால கொஞ்சம் முகம் இருந்துச்சு, அம்புட்டுத்தான்.

துரைன்னதும் எஸ்டேட் முதலாளின்னு நெனச்சுராதீங்க. ஏலக்காய் வாங்கி வெளியூருக்கு அனுப்புற ஒரு கம்பெனியில காய் பாக்குறவரு. நான் பக்கத்துல உக்காந்து நோட்டுல எழுதுறவன். ஏலம் இப்ப கம்ப்யூட்டர்ல நடக்குது, ஒத்துக்கிடுறேன். ஆனா கம்ப்யூட்டருக்கு மூக்கு கிடையாதே! அதனால ஏலத்தன்னிக்குக் காலையில ஒவ்வொரு தோட்டத்துக் காயும் சின்னச் சின்னத் தட்டுல வந்து நிக்கும். துரை ஒரு காயை எடுப்பாரு, பல்லுல வச்சு ஒரே ஒரு கடி. உள்ளங்கையில போட்டு மூக்குக்கிட்ட கொண்டு போயி கண்ணை மூடுவாரு. அப்புறம் ஒரு வார்த்தை சொல்லுவாரு. அதை நான் எழுதிக்கிடணும்.

அந்த வார்த்தை "நல்லது", "சுமார்"னு இருந்தா நான் ஏன் இதைச் சொல்லப் போறேன்? "நனைஞ்ச சாக்கு" அப்படிம்பாரு. "கல்யாணத்துக்கு மறுநாள்" அப்படிம்பாரு. ஒரு தடவை நல்ல பச்சைப்பசேல்னு இருந்த காயைக் கடிச்சுட்டு, "மாமியா வந்திருக்கா"ன்னுட்டாரு. முதலாளி நோட்டைப் பாத்துட்டு, "என்னய்யா, காய் பாக்கச் சொன்னா ரெண்டு பேரும் நாடகம் எழுதுறீங்களா?"ன்னு கத்தினாரு. விசாரிச்சுப் பாத்தா, அந்தத் தோட்டக்காரரு போன வருசத்துக் காயைக் கீழ போட்டு, மேல புதுக்காயைத் தூவி அனுப்பியிருந்தாரு. மேல சிரிப்பு, உள்ள வேற. அதுக்கப்புறம் முதலாளி என் நோட்டைப் பாக்குறதையே விட்டுட்டாரு.

இந்த மூக்கைக் காப்பாத்த அவரு பட்ட பாடு இருக்கே! தப்பு, அவரு வீடு பட்ட பாடு. வீட்டுக்குள்ள சோப்பு கிடையாது. பவுடர் கிடையாது. ஊதுபத்தி, வாசனை எண்ணெய், மல்லிகைப்பூ எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது. குளிக்கப் பயத்தம் மாவு, துணிக்குப் பூந்திக்கொட்டை. சோப்பு போட்டா அந்த வாசம் ரெண்டு நாளைக்கு மூக்குல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, காயை உள்ள விடாதாம். மாதா கோயில்ல பெரிய பூசைக்குச் சாம்பிராணி போட ஆரம்பிச்சா, இவரு எந்திரிச்சுப் போயி வெளிய நின்னுக்கிடுவாரு. பங்குச்சாமி ஒரு நாள் மடக்கிப் பிடிச்சாரு.

"என்னய்யா, வாசல்ல நின்னே மோட்சத்துக்குப் போயிரலாம்னு பாக்குறீரா?"

"நாளைக்கு ஏலம் சாமி. மோட்சம் எங்கிட்டு ஓடிரப் போகுது?"

காய் உணத்துற ஸ்டோருல வேலை பாக்குற துரை சம்சாரம் பேரு புஷ்பம். பூ பேருல மட்டுந்தான், தலையில நான் பாத்ததே இல்லை. "என்னக்கா, திருவிழாவுக்காச்சும் ஒரு முழம் வைக்கக் கூடாதா?"ன்னு யாராச்சும் கேட்டா, "அந்த மனுஷன் மூக்குலதான நம்ம அடுப்பு எரியுது"ன்னு சிரிச்சுக்கிட்டே போயிரும். முப்பது வருசம் இப்படியே ஓடிருச்சு. இதுல ஒரு விசேஷமும் இருக்கிறதா அந்த வீட்டுல ரெண்டு பேருக்குமே தோணலை.

பங்குச்சாமி ரோமாபுரிக்கு ஒரு திருயாத்திரை ஏற்பாடு பண்ணினாரு. துபாய்ல இருக்கிற துரையோட மகன் அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் பேரு குடுத்துட்டான். பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் துரைக்கு இன்னொரு பேரு இருக்கிறதே ஊருக்குத் தெரிஞ்சுது. அந்தப் பேரை விமான நிலையத்துல கூப்பிட்டப்ப அவரே திரும்பிப் பாக்கலை. ஆனா கிளம்புறதுக்கு முன்னாலயே புஷ்பம் அக்காவுக்கு முட்டி வீங்கிப் போயி, நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. "இந்த மனுஷனை ஒத்தையில விட்டா எதையாச்சும் மோந்துக்கிட்டே எங்கிட்டாச்சும் போயிருவாரு, நீ கூடப் போ தம்பி"ன்னு அக்காதான் என்னைத் தன் இடத்துல அனுப்புனது.

கிளம்புற அன்னிக்கு வேன்ல ஏறி உக்காந்தாச்சு. அக்கா கம்பை ஊன்றிக்கிட்டு ஜன்னல்கிட்ட வந்துச்சு.

"என்னமாச்சும் வாங்கிட்டு வரணுமா?"ன்னு துரை கேட்டாரு. வழக்கமா "ஒண்ணும் வேணாம், நீங்க பத்திரமா வாங்க"ன்னுதான் பதில் வரும். அன்னிக்கு அக்கா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச்சு.

"ஒரு சோப்பு வாங்கிட்டு வாறீகளா? வாசமா."

வேன் கிளம்பிருச்சு. விமானத்துல குடுத்த சோத்தைத் துரை மோந்து பாக்காமலே தின்னாரு. எனக்குப் பயமாயிருச்சு.

ரோம்ல அவரு சோப்புக்கடை தேடினதுல திருயாத்திரையே திண்டாடிப் போச்சு. எந்தக் கடைக்குப் போனாலும், "இது சோப்பில்லய்யா, பெயிண்டு"ன்னு வெளிய வந்துருவாரு. ஏழாம் நாள் பிளாரன்ஸ் போனோம். பேராலயம் பாத்து முடிச்சதும், ஒரு மணி நேரம் சுத்திப் பாத்துட்டுப் பன்னெண்டு மணிக்கு பஸ்ஸுக்கு வந்துரணும்னு சாமி கண்டிப்பாச் சொல்லிட்டாரு. சந்துமுனையில துரை திடீர்னு நின்னாரு. மூக்கு மேல போச்சு.

"ஏலக்காய்."

"அண்ணே, இது இத்தாலி."

"இருக்கட்டும்யா. ஏலக்காய்."

நடந்தாரு பாருங்க! நான் பின்னால ஓடுறேன். இடது பக்கம், வலது பக்கம், ஒரு தோல்பை கடை, ஒரு காப்பிக்கடை, எதுலயும் மூக்கு நிக்கலை. கடைசியில ஒரு பெரிய பழைய மரக்கதவு. பக்கத்துல கல்லுல பார்மஸின்னு அவங்க பாஷையில வெட்டியிருக்கு. மருந்துக்கடைன்னு நெனச்சுக்கிட்டு உள்ள போனோம்.

உள்ள போனதும் அண்ணாந்து பாத்தேன். அம்புட்டு உசரத்துல கூரை, கூரை பூராம் படம். மேல் ஜன்னல் வழியா வெயிலு இறங்கி, தரையில வந்து சும்மா உக்காந்திருக்கு. சுவரைச் சுத்தி ஆளுயர அலமாரி, அதுல கண்ணாடி ஜாடி, ஜாடிக்குள்ள வேரு, பட்டை, காய்ஞ்ச பூ. சத்தமே இல்லை. வாசம் மட்டும் ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து நம்மளைப் பாத்துட்டுப் போகுது. சில நூறு வருசத்துக்கு முன்னால மடத்துத் துறவிங்க நோயாளிகளுக்கு மருந்துத் தண்ணி காய்ச்ச ஆரம்பிச்ச இடமாம் அது. அப்படியே சோப்பு, அத்தர்னு வந்து, இன்னும் நடக்குது. மேசைக்குப் பின்னால நின்ன நரைச்ச தலைக்காரம்மா மெல்லமா இங்கிலீஷ்ல சொன்னாங்க. கனவுக்குள்ள யாரோ வழி சொல்ற மாதிரி இருந்துச்சு எனக்கு.

துரை நேரா போயி ஒரு ஜாடியைக் காட்டினாரு. அந்தம்மா தொறந்தாங்க. ஏலக்காயேதான்! ஒண்ணை எடுத்துக் கடிச்சாரு. "ரெண்டு மழை பாத்த காயி. ஆனா நல்ல வீட்டுல வளந்தது"ன்னு தமிழ்லயே சொன்னாரு. அந்தம்மாவும் தலையாட்டினாங்க. என்னத்தப் புரிஞ்சுக்கிட்டாங்களோ.

அடுத்து சோப்பு கேட்டோம். வெள்ளைத் தாள்ல சுத்தின ஒண்ணைப் பிரிச்சுத் தட்டுல வச்சாங்க. தட்டைப் பாத்ததும் துரைக்குக் கை பழக்கம் வந்துருச்சு. எடுத்தாரு, பல்லுல வச்சாரு, ஒரே கடி! "அண்ணே!"ன்னு நான் கத்துறதுக்குள்ள சோப்பு நுரை உதட்டுல வந்துருச்சு. அந்தம்மா நெஞ்சுல கை வச்சுக்கிட்டாங்க. ஜாடையில மன்னிப்புக் கேட்டு, அந்தச் சோப்பை வாங்கிக்கிடுறோம்னு சொல்லி, அவரு வாயைக் கழுவ வச்சேன்.

கழுவிட்டு வந்து நின்னவரு நின்னபடியே நின்னாரு. முன்னால இருபது வகைச் சோப்பு.

"என்னண்ணே, எதை வாங்குறது?"

"தெரியலய்யா."

"என்ன தெரியலை?"

"அவளுக்கு எந்த வாசம் புடிக்கும்னு எனக்குத் தெரியலை." குரல் ஒரு மாதிரி இறங்கிருச்சு. "முப்பது வருசம்யா. எந்தத் தோட்டத்துக் காயின்னு கண்ணைக் கட்டிட்டுச் சொல்லுவேன். இது தெரியலை."

"ரோஜா வாங்குங்கண்ணே. எல்லாப் பொம்பளைங்களுக்கும் புடிக்கும்."

"எல்லாப் பொம்பளைங்களுமாய்யா அவ?"ன்னு முறைச்சாரு பாருங்க, நான் ஒரு எட்டுப் பின்னால போயிட்டேன்.

சரி, அவங்களையே கேளுங்கன்னு வாட்ஸ்அப்ல கூப்பிட்டுக் குடுத்தேன். அங்க சாயங்காலம் ஆகப் போற நேரம். அவங்க வீட்டுல கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல நின்னாத்தான் சிக்னல் கிடைக்கும். அந்தப் பெரிய மண்டபத்துல திடீர்னு எங்க ஊருக் கோழிங்க கொக்கரிக்குது.

"எது நல்லாருக்கோ அதை வாங்கிட்டு வாங்க"ன்னுச்சு அக்கா.

"அது எனக்குத் தெரியாதா? உனக்கு எது புடிக்கும், அதைச் சொல்லு புள்ள."

அக்கா கோழியை விரட்டுற சத்தம் கேக்குது.

"என்னத்தச் சொல்ல? மறந்து போச்சுங்க."

கோவமும் இல்லை, குத்தலும் இல்லை. வீட்டுச் சாவியை எங்க வச்சேன்னு மறந்து போச்சுங்கிற மாதிரிதான் சொல்லுச்சு. துரை பக்கத்துல கிடந்த நாற்காலியில உக்காந்துட்டாரு. கண்ணு கலங்கிருச்சு. நான் அங்கிட்டுத் திரும்பிக் கூரையைப் பாத்தேன்.

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு எந்திரிச்சாரு. அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் பிரிங்கன்னு கையைக் காட்டினாரு. ஒண்ணொண்ணா எடுத்து, கண்ணை மூடி, போனைப் பாத்துச் சொல்ல ஆரம்பிச்சாரு.

"இது, மழை விட்ட மறுநாள் காலையில காய் உணத்துற ஸ்டோரு. இப்பத்தான் கதவைத் தொறக்குறோம்."

"அந்தக் கதவை நாந்தான தினம் தொறக்குறேன்? வேணாம்."

"இது திருவிழா. புதுச்சட்டை போட்ட பெரிய மனுஷன் ஒருத்தரு பக்கத்துல வந்து நிக்கிறாரு."

"அவரு அங்கிட்டே நிக்கட்டும்."

"இது பாலு. நம்ம மூத்தவன் பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி."

"ஆமா, விடிய விடியக் கத்தினது நானு, வாசம் உங்களுக்காக்கும்!"

சிரிக்குது அக்கா. அக்கா அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லை. அந்த நேரத்துல கதவைத் தள்ளிக்கிட்டு பங்குச்சாமி வாறாரு, வேர்த்து விறுவிறுத்து. "பஸ் நிக்கிது, இங்க என்னய்யா பண்றீங்க? சரி, மருந்துக்கடைதான, கேஸ் மாத்திரை இருக்கான்னு கேளு." நான் வாயில விரலை வச்சேன். அவரும் போன்ல வந்த குரலைக் கேட்டாரு. சத்தம் போடாம ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. பஸ்ஸைப் பத்தி அதுக்கப்புறம் யாரும் பேசலை.

பதினாறோ பதினேழோ, எண்ணிக்கை விட்டுப் போச்சு. துரை ஒரு மஞ்சச் சோப்பை எடுத்தாரு. இந்தத் தடவை ரொம்ப நேரம் கண்ணைத் தொறக்கலை.

"இது... மலையை விட்டுக் கம்பத்துக்கு எறங்குற பஸ்ஸு. ஜன்னலோரம். வளைவு தாண்டத் தாண்டக் காத்து சூடாகுது. எங்கயோ எலுமிச்சை பூத்திருக்கு. மடியில கூடை இல்லை, பை இல்லை. எங்கயும் போயி எறங்கணும்னு அவசரம் இல்லை."

போன்ல அக்கா குரல் கிட்ட வந்துச்சு.

"பக்கத்துல நீங்க இருக்கீகளா?"

துரை மறுபடியும் சோப்பை மூக்குக்கிட்ட கொண்டு போனாரு. பொய் சொல்லிரக் கூடாதுன்னு நெசமாவே மோந்து பாத்தாரு.

"இருக்கேன் புள்ள."

"அப்ப அதையே வாங்குங்க."

பஸ் ஒரு மணி நேரம் லேட்டு. கூட வந்தவங்க முணுமுணுத்தப்ப, "ஒரு குடும்பக் காரியம்"னு சாமியே சமாளிச்சுட்டாரு. கடிச்ச சோப்பை துரை அவருக்கே காணிக்கையாக் குடுத்துட்டாரு. பிரிச்சுப் பாத்த சாமி பல் தடத்தை வெகு நேரம் ஆராய்ச்சி பண்ணினாரு.

ஊருக்கு வந்து சேந்தது ஞாயித்துக்கிழமை. மறுநாள் ஏலம். தட்டெல்லாம் வந்தாச்சு, துரையைக் காணோம். காய்ச்சல்லயும் மழையிலயும் வராம இருந்ததில்லை அந்த மனுஷன். முதலாளி என்னை வண்டியில விரட்டினாரு.

போயிப் பாத்தா, பின்வாசப் படியில கண்ணை மூடி உக்காந்திருக்காரு. குளிக்கிற அறைக்குள்ள தண்ணி விழுற சத்தம், கூடவே அக்கா ஏதோ பாட்டை முனகுது. கதவு இடுக்கு வழியா அந்த வாசம் வந்து முற்றம் பூராம் நடமாடுது. மூக்குன்னு ஒண்ணு பேருக்கு வச்சிருக்கிற எனக்கே கண்ணு தானா மூடிருச்சு.

"அண்ணே, ஏலம்."

"இன்னிக்கு என்னால காய் பாக்க முடியாதுய்யா," அப்படின்னாரு, கண்ணைத் தொறக்காமலே. "மூக்கு நெறஞ்சு போச்சு."

நான் தனியாத் திரும்பி வந்து, துரைக்கு நல்ல காய்ச்சல், எந்திரிக்க முடியலைன்னு முதலாளிகிட்டச் சொன்னேன். அந்தப் பொய்யை இன்னிவரைக்கும் நான் சாமிகிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லலை. பாவம்னு தோணினாத்தான சொல்றதுக்கு.