ஐயா அப்டியேதான் கீறாரு

காட்டுப்பாக்கம்,
ஞாயிறு மதியம்.

மரியாதைக்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் கவிப்பிரியா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌகரியம். அங்கே நீங்களும் ஞானம்மாள் சித்தியும் தம்பி டில்லிபாபுவும் சௌகரியமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் 'சௌகரியம்' என்று யார் சொன்னாலும் இப்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேரில் சொல்லலாம் என்று போன வாரம் வந்தேன். நீங்கள் ஊரிலேயே இல்லை என்று சித்தி சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பாத்ரூமுக்குள் நீங்கள் இருமினீர்கள். சித்தி என்னைப் பார்த்தார், நான் காலண்டரைப் பார்த்தேன். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். போனையும் நீங்கள் எடுப்பதில்லை. காகிதம் என்றால் பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போனாலும் திரும்பி வரும்போது அங்கேயேதான் இருக்கும் என்பதால் எழுதுகிறேன். டில்லிபாபு ஆட்டோ எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற புதன்கிழமை உங்கள் நெஞ்சில் ஸ்பிரிங் வைக்க நாள் குறித்திருக்கிறது. 'செத்தவன உயிரோட கீறான்னு சொல்ற ஆஸ்பத்திரிக்கு நான் எதுக்குப் போவணும்' என்று நீங்கள் சொல்லிவிட்டதாகக் கேள்வி. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் உங்கள் ஆஞ்சியோ படத்தை நான் பார்த்திருக்கிறேன் சித்தப்பா. இடப்பக்கத்துப் பெரிய குழாய் நன்றாக வந்துகொண்டே இருக்கிறது, ஓர் இடத்தில் மட்டும் நூலாக மெலிந்து, அப்புறம் மறுபடி குழாயாகிறது. அந்த நூல் அறுந்தால் ஆட்டோ கரையான்சாவடி சிக்னலைத் தாண்டுவதற்குக்கூட நேரம் இருக்காது என்று டாக்டர் திருமுருகன் சொன்னார். அதனால் துலுக்கானம் ஐயா விஷயத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறது. இதயத்துக் குழாயில் அடைப்பு வந்து, புது வகை ஸ்பிரிங் வைத்துக்கொண்டவர்களைச் சில வருஷங்கள் விடாமல் கவனித்து, அந்தக் குழாய் மறுபடியும் அடைத்துக்கொள்கிறதா என்று பார்க்கிறார்கள். டாக்டர்கள் ஸ்டென்ட் என்பார்கள், உள்ளே வைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் ஸ்பிரிங் என்றுதான் சொல்வார்கள். மாதா மாதம் அவர்களுக்குப் போன் செய்து விசாரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. நம் வீட்டில் முதல் பட்டதாரி என்று நீங்கள் தெரு முழுக்க லட்டு கொடுத்தீர்களே, அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத பெரியவர்களிடம் 'கால் வீங்குதுங்களா, மாடிப்படி ஏறுறீங்களா' என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்க வேண்டியவற்றில் முதல் கேள்வி, நோயாளி உயிருடன் இருக்கிறாரா என்பது. ஆங்கிலத்தில் பார்த்தால் அது சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, எடுத்த அம்மாவிடம், 'உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்காரா' என்று கேட்க யாருக்கு நாக்கு வரும்? எனக்கு வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு, 'ஐயா எப்படி இருக்காங்க' என்று ஆரம்பித்து, வருகிற பதிலை வைத்து நானே உயிருடன் இருப்பதாகக் குறித்துக்கொள்வேன்.

துலுக்கானம் ஐயா வீட்டில் போனை எடுப்பது எப்போதும் அவர் மனைவி குப்பம்மா. செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பின்னால், பழைய வயலெல்லாம் பிளாட்டாகி, பிளாட்டெல்லாம் குடோனாகிவிட்ட இடத்தில் அவர்கள் வீடு. ஐயா எப்படி இருக்காங்க என்று கேட்டால், "அவரா, அப்டியேதான் கீறாரு மா" என்பார். நெஞ்சு வலி இருக்குதா என்றால், இப்போது எந்த வலியும் இல்லை என்பார். மாத்திரை சாப்பிடுகிறாரா என்றால், வேளா வேளைக்கு வைத்துவிடுவதாகச் சொல்வார். மூச்சு வாங்குதா என்று கேட்டேன். "மூச்சா? மூச்சே இல்ல மா" என்றார். மூச்சுத்திணறல் அறவே இல்லை என்று ஏற்றினேன். நடைப்பயிற்சி உண்டா என்று கேட்டதற்கு, பொழுது சாய்ந்தால் ஏரிக்கரையில் நடப்பதாக ஊரில் பார்த்தவர்கள் வந்து சொல்கிறார்கள் என்றார். பார்த்தவர்கள் ஏன் வந்து சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒரு முறை அந்த அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஓர் ஆண் குரல், 'நல்லா கீறேன்னு சொல்லு' என்றது. நல்லா கீறாராம் மா, என்று அவரும் சொன்னார். அது போன் லைனில் வந்த வேறு யாருடைய பேச்சாகவோதான் இருக்க வேண்டும். இப்போது நான் உறுதியாக அப்படித்தான் நம்புகிறேன்.

இப்படியே ஆடியிலிருந்து மாசி வரைக்கும் ஓடியது. ஆய்வில் இருக்கும் மற்ற எல்லாருக்கும் ஏதாவது ஒன்று வந்தது. ஒருவருக்குச் சர்க்கரை ஏறியது, ஒருவர் பரோட்டாவை விட முடியவில்லை என்று அழுதார், ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு லேகியத்துக்கு மாறினார். துலுக்கானம் ஐயாவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. வலி இல்லை, வீக்கம் இல்லை, ஒரு வேளை மாத்திரை தவறவில்லை, கோபம்கூட இல்லை. டாக்டர் திருமுருகன் வாராந்திரக் கூட்டத்தில் அவருடைய விவரங்களைத் திரையில் போட்டு, ஸ்பிரிங் வைத்துக்கொண்ட மனிதன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இவர்தான் உதாரணம் என்றார். பொங்கலுக்கு வந்தபோது அதைத்தான் நான் பெருமையாக உங்களிடம் சொன்னேன். நீங்களும் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அந்தாளுக்கே ஒண்ணும் ஆவலன்னா எனக்கு இன்னா ஆவப்போது" என்று ஒப்புக்கொண்டீர்கள். நான் பொய் சொல்லவில்லை சித்தப்பா. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அன்றைக்கும் உண்மைதான்.

போன மாதம் டாக்டர், ஆய்வின் ஆண்டுக் கூட்டத்துக்கு அவரை அழைத்து வந்து மேடையில் மாலை போட வேண்டும் என்றார். அழைக்கப் போகிற பொறுப்பு எனக்கு. பூமாலை வாடிவிடும் என்று கரையான்சாவடியில் சந்தன மாலை ஒன்று வாங்கிக்கொண்டு, டில்லிபாபுவின் ஆட்டோவில் போனேன். நல்ல வெயில். குடோன்களின் தகரச் சுவர்களுக்கு நடுவில் அந்த ஒரு வீடு மட்டும் நிழலாக இருந்தது. வாசலில் ஏரியைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டில்லிபாபு அதில் உட்கார்ந்து போனை எடுத்தான். உள்ளேயிருந்து வந்த குப்பம்மா, "தம்பி, அதுல குந்தாதபா, அவரு வர்ற நேரம்" என்றார். அவன் எழுந்துகொண்டான். என் குரலைக் கேட்டதும் அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. போன் பாப்பாவா நீ என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஐயா எங்கே என்று கேட்டேன். வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்லாதவர் ஆகையால், "தோ, அவருதான்" என்று மோவாயால் காட்டினார். சுவரில் துலுக்கானம் ஐயா இருந்தார். நீலச் சட்டை, ஒரு தோள் கொஞ்சம் உயர்ந்து, யாரோ கூப்பிட்டு எழுந்துகொள்ளப் போகிறவர் மாதிரி. மாலை ஏற்கெனவே போட்டிருந்தது. அதுவும் சந்தன மாலைதான்.

கையில் இருந்த பையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவே வாங்கிப் பிரித்துப் பார்த்து, "இன்னா, பாத்தியா, ஆஸ்பத்திரிலர்ந்து உனுக்கு மாலை வந்துகீது" என்று படத்திடம் சொல்லிவிட்டு அதையும் மாட்டினார். படத்துக்குக் கீழே ஒரு தட்டில் சோறு, பக்கத்துத் தட்டில் நாங்கள் கூரியரில் அனுப்பும் மாத்திரைகள். தினமும் பிரித்து வைப்பாராம், விடிந்து பார்த்தால் தட்டு காலியாக இருக்குமாம். எலியாக இருக்கும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். இருக்கும் என்று அவரும் மரியாதைக்கு ஒப்புக்கொண்டார். அப்படியானால் அந்த வட்டாரத்திலேயே இதயம் நன்றாக இருக்கும் எலி அதுதான். எப்போது இறந்தார் என்று ஒரு வழியாகக் கேட்டேன். போன ஆடியில், கூழ் ஊற்றிய மறுநாள். ஏரிக்கரைக்கு நடக்கப் போனவர் ரோட்டைக் கடக்கும்போது தண்ணி லாரி அடித்துவிட்டது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது குப்பம்மா ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிலதானே மா அறுத்துக் கட்டிக் குடுத்தாங்க? உங்களுக்குத் தெரியாதா இன்னா? செத்த மனுசன இப்டி மாசா மாசம் விசாரிக்கிற ஆஸ்பத்திரி எங்க மா கீது, இன்னா நல்ல மனசுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன்."

அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒன்றுதான். அறுத்த ஆஸ்பத்திரியும் போன் செய்த ஆஸ்பத்திரியும் வேறு என்று எனக்கு அங்கே விளக்கத் தோன்றவில்லை. இத்தனை மாதமும் ஒரு பொய்கூட அவர் சொல்லவில்லை, அவர் சொன்ன எல்லாமே சரியாக இருந்தது, நான்தான் வேறு ஒரு ஆளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கிளம்பும்போது, அவருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிக்கோ என்றார். வர்றேங்க ஐயா என்று படத்தைப் பார்த்துச் சொன்னேன். வெளியே வந்தபோது டில்லிபாபு ஆட்டோவில் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டிருந்தான். அந்த நாற்காலி ஏரிப் பக்கத்திலிருந்து ரோட்டுப் பக்கமாகத் திரும்பியிருந்தது. நீதானே திருப்பினாய் என்று நான் கேட்கவில்லை. அவனும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் பேசியிருக்கிறான், உங்களிடமும் காட்டுப்பாக்கம் மார்க்கெட்டிலும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் எதனால் இறந்தார் என்று மட்டும் கேட்டார். லாரி என்றேன். "அப்போ ஹார்ட் இல்லையே?" என்று முகம் மலர்ந்தவர், உடனே அது தப்பு என்று தெரிந்து முகத்தைச் சரிசெய்துகொண்டார். குப்பம்மாவின் சம்மதத்தோடு பிரேதப் பரிசோதனை விவரத்தை வாங்கிப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மண்டையில்தான் அடி, ஸ்பிரிங் வைத்த குழாய் கடைசிவரை சுத்தமாகத் திறந்தே இருந்திருக்கிறது என்றார். யோசித்துப் பாருங்கள் சித்தப்பா. உயிரோடு இருக்கிற ஒருவருக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்று படம் எடுத்துத்தான் சொல்ல முடியும். இவருக்குத் திறந்தே பார்த்திருக்கிறார்கள். நான் சொன்ன ஆள் இறந்துவிட்டார். ஆனால் நான் சொன்ன ஸ்பிரிங் சாகவில்லை. செத்தவர்கள் நடப்பதில்லை, பேசுவதில்லை, மாத்திரை தின்பதில்லை. இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. பயப்பட வேண்டியது உங்கள் நெஞ்சுக்குள் இருக்கும் அந்த நூல் ஒன்றுக்குத்தான். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, பின்னால் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே விட்டுவிட்டீர்கள், நானும் ஓட்டிவிட்டேன். அப்படி ஒரு முறை என்னை நம்புங்கள். நீங்கள் இல்லாத வீட்டுக்குப் போன் செய்து சித்தியிடம் எப்படி இருக்கீங்க என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கம். டில்லிபாபுவுக்கு என் அன்பும், மார்க்கெட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கும்படி ஒரு வேண்டுகோளும். நீங்கள் நீண்ட ஆயுளோடு, உடம்போடும் சேர்ந்து, இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மகள்,
கவிப்பிரியா.

பின்குறிப்பு: காகிதத்தை மடிக்கும்போதே டில்லிபாபு வந்துவிட்டான். "நைனா ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னுட்டாரு அக்கா" என்றான். நேற்றுச் சாயங்காலம் நீங்கள் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாராம். தன் பேர் துலுக்கானம் என்றாராம். ஸ்பிரிங் வைப்பது எறும்பு கடித்த மாதிரிதான், பயப்படாமல் போய்ப் படு என்றாராம். அவர் உயிரோடுதான் இருக்கிறார், இந்தப் பெண்தான் வீடு மாறிப் போய் யார் படத்தையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்று நீங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்தீர்களாம். போகும்போது அவர், "உங்கண்ணன் பொண்ணு தங்கமான பொண்ணு, ஆனா கேக்க வேண்டிய மொதக் கேள்விய மட்டும் கேக்கவே மாட்டேங்குது" என்றாராம். அதை நான் இந்தக் கடிதத்தைத் தவிர எங்கும் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை இன்று மதியம்தான் எழுதினேன்.

ஆகவே சித்தப்பா, மேலே அவர் இறந்துவிட்டதாக நான் எழுதியிருக்கும் பகுதிகளை நம்ப வேண்டாம். நான் வீடு மாறித்தான் போய்விட்டேன். நீங்கள் புதன்கிழமை காலை வெறும் வயிற்றோடு வந்துவிடுங்கள், அது போதும். துணைக்குத் தானும் வருவதாக அவர் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் நோயாளியோடு ஓர் ஆளுக்குத்தான் பாஸ் கொடுப்பார்கள். அது சித்திக்கு. அவரிடம் மனம் நோகாமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.