நார்மல் அண்ணாச்சி

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு வாழ்க்கை முழுவதையும் ஓட்டுகிறவர் சங்கரன்கோவிலில் நார்மல் அண்ணாச்சி ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவருக்கு வேலை. எதிரே விதைக்கடையில் எனக்கு. ரிசல்ட் சரியாக இருந்தால் நார்மல் என்பார், நியாயம்தான். டீக்கடையில் நார்மல் என்றால் சீனி குறைக்காத டீ. பெட்டிக்கடையில் கூலிங் இல்லாத தண்ணீர். கரிவலம்வந்தநல்லூருக்கு நார்மலில் போகிறேன் என்றால், கை காட்டிய இடத்தில் எல்லாம் நிற்கிற பஸ்.

ஒருமுறை சிநேகிதன் மகனுக்குப் பெண் பேசப் போயிருக்கிறார். பையன் எப்படி என்று பெண் வீட்டார் விசாரித்ததற்கு, “இப்ப நார்மலாயிட்டான்” என்று சொல்லிவிட்டார். முந்தின வாரம் பையனுக்குக் காய்ச்சல்; அது விட்டதைச் சொல்லியிருக்கிறார். அதைப் புரியவைத்து முகூர்த்தம் குறிப்பதற்குள் பையன் வீட்டாருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

என் மனைவியின் பிரசவத்தன்று நானும் மாட்டினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதினொரு மணிக்கு அண்ணாச்சி ஒரு கவரோடு வந்தார்.

“தம்பி, எல்லாம் நார்மல்.”

அவரைக் கட்டிப்பிடித்தேன். ஓடிப்போய் ஒரு கிலோ லட்டு வாங்கி வந்து வராந்தா முழுக்கக் கொடுத்தேன். குருவிகுளத்தில் இருக்கும் மாமனாருக்கும் போன் போட்டாயிற்று. கடைசியில் நர்சிடம் நீட்டினேன்.

“புள்ளையே இன்னும் பொறக்கலயே, எதுக்கு லட்டு?” என்றாள்.

அண்ணாச்சி சொன்னது ரத்த ரிசல்ட்டை.

சிரிக்கக்கூட நேரமில்லை. டாக்டர் வந்து ஆபரேஷன்தான் என்றார். பி நெகட்டிவ் ரத்தம் வேண்டும், ஆள் பாருங்கள் என்றார். எனக்கு இருந்த பயமெல்லாம் அண்ணாச்சி மேல் கோபமாகத் திரும்பியது.

“ஒம்ம வாயில வேற வார்த்தையே வராதாவே?”

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். முக்கால் மணி நேரத்தில் மூன்று பேரோடு வந்து நின்றார். ஒருவர் டீ மாஸ்டர், ஒருவர் மினிபஸ் கண்டக்டர், இன்னொருவர் வியாபாரத்துக்கு ஊருக்குள் வந்திருந்த கடையநல்லூர் ஜவுளி வியாபாரி. மூவருமே பி நெகட்டிவ். மனிதர் ஊர்க்காரர்களைப் பெயரை வைத்து ஞாபகம் வைத்திருக்கவில்லை, ரத்த வகையை வைத்து வைத்திருந்தார்!

டீ மாஸ்டர் ரத்தம் கொடுத்தார். மற்ற இருவரும் முறை தங்களுக்கு வரவில்லையே என்று குறைப்பட்டார்கள். சாயங்காலத்துக்குள் மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே தோளைத் தட்டினார்.

“கோவம் வாரது நார்மல்தான வே. போயி புள்ளையப் பாரும்.”

மகளுக்கு இப்போது இரண்டு வயது. உடம்பு லேசாகச் சுட்டால் போதும், அண்ணாச்சி வீட்டுக்கே வந்து நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அவர் வாயைத் திறக்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.