ஆரஞ்சு டாட்சனும் என் மூளையும்

லேக்வுட், கலிபோர்னியா
செப்டம்பர் 22

அன்புமிக்க ஆர்லின் அக்காவுக்கு,

தம்பி வெர்னன் வணக்கத்துடன் எழுதுவது. மார்லிஸும் நானும் சுகம். ஒமாஹாவில் உன் மூட்டுவலியும் அத்தானின் குறட்டையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

1971இல் வாங்கிய என் ஆரஞ்சு டாட்சன் 240இசட் உனக்கு நினைவிருக்கும். அமெரிக்கக்காரனின் நீளக் காலை அளந்து ஜப்பானில் செய்த வண்டி என்று அப்பாவே ஒப்புக்கொண்டாரே, அதுதான். சனிக்கிழமை லாங் பீச்சில் பழைய ஜப்பான் கார்களின் கண்காட்சி. நகர்த்த வசதியாகச் சாவியை உள்ளேயே விடச் சொன்னார்கள், நம்பர் பிளேட்டை விழா அட்டையால் மூடினார்கள், சரியென்று விட்டேன், மாலையில் அந்த அட்டையோடே எடுத்துக்கொண்டு கிளம்பினேன், வழியெல்லாம் ஒரே குழப்பம். கிளட்ச் வெண்ணெயாக இறங்குகிறது. பதினைந்து வருஷம் ஊமையாயிருந்த ரேடியோ ஸ்பானிஷில் பாடுகிறது. சீட்டில் இருந்த கிழிசலைக் காணோம். உன் மருமகன் கர்ட்டிஸ் போன மாதம்தான், "அப்பா, இன்னொரு தடவ எதையாவது மறந்தீங்கன்னா கார் சாவிய என்கிட்ட குடுத்துடணும்" என்று கறாராகச் சொல்லியிருந்தான். கார் மாறவில்லை, என் மூளைதான் குழம்பிவிட்டது என்று முடிவுகட்டி, வாயைத் திறக்காமல் கிடந்தேன்.

மார்லிஸ் வந்து, "ஏங்க, நம்ம கார்ல எதுக்குங்க பொம்பள செருப்பு?" என்றாள்.

"உன்னுதுதான்."

"என் காலு என்ன கொழந்த காலா?"

மூளையோடு மானமும் போய்விடும் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை சான் டியேகோவிலிருந்து யோலாண்டா என்ற பல் டாக்டர் போன் செய்தாள். ஆரஞ்சு வண்டிக்காரர் என்று கண்காட்சிக்காரர்கள் என் நம்பரைக் கொடுத்தார்களாம். "சார், வண்டிய மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். என் செருப்பு உங்ககிட்ட இருக்கா?"

அக்கா, நான் அழுதேவிட்டேன். என் மூளை பத்திரமாக இருக்கிறது! நேற்று அவள் வந்து வண்டியை மாற்றிக்கொண்டு போனாள். கர்ட்டிஸும் தலையைச் சொறிந்துகொண்டு, "ஸாரிப்பா, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான். வந்த வண்டியில் கியர் முரண்டு பிடிக்கிறது, ஜன்னல் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி புதிதாகத் தெரிகிறது. நாலு நாள் வேற்றுக் கை பட்டால் எந்த வண்டியும் கொஞ்சம் மாறத்தானே செய்யும்?

உங்கள் இருவருக்கும் கடவுள் நல்ல தூக்கத்தையும் தெளிந்த புத்தியையும் தரட்டும்.

உன் அன்புத் தம்பி,
வெர்னன்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "சார், என்கிட்ட இருக்கிற ஆரஞ்சு டாட்சன்ல உங்க பேரு, போன் நம்பரோட பேப்பர் கிடக்கு. அப்ப என் வண்டி எங்க?" மார்லிஸ் போனைப் பிடுங்கி, "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள். நேற்று வந்த இந்த வண்டியின் சீட்டில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு இடுப்பு வலிக்கவில்லையாம். நாற்பத்தெட்டு வருஷத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் என்ன செய்யட்டும், அக்கா?