இருபது கம்ப்யூட்டரில் என் குரல்

பூட்டிக் கிடந்த அறையில் பழைய கம்ப்யூட்டர் சூடேறும்போது ஒரு வாடை வரும்; தூசியும் பிளாஸ்டிக்கும் மெல்லக் கருகுவதுபோல. அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பிடரிமயிர் எழுந்து நிற்கும். பாதி பயம், மீதி வெட்கம்.

நானும் நெய்க்காரப்பட்டி பழனிச்சாமியும் பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குத் தமிழிலேயே கட்டளை எழுத ஒரு நிரல்மொழி செய்துகொண்டிருந்தோம். கம்ப்யூட்டரில் ஓடுவது என் வேலை, செல்போனில் ஓடுவது அவர் வேலை. மொழி ஒன்று என்பதால் கட்டளைகளின் பெயரும் இரண்டிலும் ஒன்றாக இருந்தாக வேண்டும். எழுத்தை வாசித்துக் காட்டும் கட்டளைக்கு நான் 'பேசு' என்றேன். அவர் 'சொல்லு' என்றார். எட்டு மாதம் போனில் மல்லுக்கட்டினோம். (இருவர் பேச்சும் அவரவர் வீட்டில் எடுபடாது, வேறெங்கே போவோம்?)

சின்னாளப்பட்டிப் பள்ளித் தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "நிரலை ஒரே தாள்ல குடுங்க. லேப்லயும் ஓடணும், பிள்ளைக வீட்டுப் போன்லயும் ஓடணும். ஓடுனா ஆறாம் வகுப்புக்கு வச்சுக்கிறேன். இல்லாட்டி வேணாம்." இரண்டு வருட உழைப்பு அந்தத் தாளில் தொங்கியது. அதை அச்சடித்து வருவது பழனிச்சாமி பொறுப்பு.

பிற்பகல். ஜன்னல் சாத்திய லேப். இருபது பிள்ளைகள் தாளைப் பார்த்துத் தட்டினார்கள். ஸ்பீக்கர்கள் 'வணக்கம்' சொல்ல வேண்டும்.

முதல் மேசையிலிருந்து ஒரு கிசுகிசுப்பு: "நீங்கள் கூப்பிட்டது... இங்கே இல்லை..."

அடுத்த மேசை. அதற்கடுத்தது. வறண்ட கிணறு மூச்சுவிடுவதுபோல இருபது ஸ்பீக்கர் வாயிலும் ஒரே குரல். என் குரல். தெரியாத கட்டளை வந்தால் ஒலிக்கட்டுமென்று, தொண்டை கட்டியிருந்த ஒரு நாளில் நானே பதிந்து வைத்தது. (கவித்துவமாக இருக்குமாம்!) வாயை இறுக மூடி நிற்கிறேன், அறை முழுக்க நானே முனகிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சிறுமி விசைப்பலகையிலிருந்து கையை மெல்ல எடுத்தாள். "சார், உள்ள இருக்கிறவருக்கு உடம்பு சரியில்லையா?"

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். 'பேசு' என்றிருந்தது. பக்கத்தில் நின்ற பழனிச்சாமியிடம் நீட்டினேன்.

"என்னய்யா இது? உங்க 'சொல்லு' எங்க?"

"நீங்க மனசு வருத்தப்படக் கூடாதுன்னு போன்லயும் தாள்லயும் 'பேசு'ன்னே மாத்திட்டனுங்க. நேர்ல சொல்லிச் சந்தோசப்படுத்தலாம்னு..."

"அடப்பாவி! நானும் அதே நெனப்புலதான்யா கம்ப்யூட்டர்ல 'பேசு'வைத் தூக்கிட்டு 'சொல்லு'ன்னு வச்சேன்!"

நேரம் பார்த்து அவர் கையிலிருந்த போன் மட்டும் பளிச்சென்று "வணக்கம்" என்றது.

"அஞ்சு நிமிசம் குடுங்க மேடம், மாத்திருவோம்" என்றேன்.

"மாத்தி யாருக்குக் காட்டப் போறீங்க?" என்றார் தலைமையாசிரியை. திரும்பிப் பார்த்தேன். இருபது நாற்காலியும் காலி. "இனி இந்த ரூமுக்குள்ள ஒரு பிள்ளை வராது. கெளம்புங்க சார்."

இப்போதும் நான் இரண்டாவது காபி கேட்டால், அடுப்படியிலிருந்து என் மனைவி கரகரவென்று முனகுவாள்: "நீங்கள் கூப்பிட்டது... இங்கே இல்லை..." மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு மட்டும் அந்த இருட்டறை வந்துபோகும்.

அன்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் சேர்ந்தே வந்தோம். பழனி வண்டிப் படியில் கால் வைத்த பழனிச்சாமி திரும்பினார்.

"ஏனுங்க, இனிமே விட்டுக்குடுக்கறதா இருந்தா, முதல்ல போனைப் போட்டு நல்லா ஒரு சண்டை கட்டிட்டு, அப்புறமா விட்டுக்குடுங்க."