நெட்டையன் உயிரோடிருக்கிறான்

என் அருமைத் தங்கைக்கு,

உன் முழங்கால் முதற்கொண்டு எல்லா உறுப்புகளும் சொன்னபடி கேட்கின்றன என்று நம்பி அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். மாப்பிள்ளையின் இருமல் நின்றதா? என் கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. காரணம் வயது இல்லை, சந்தோஷம்.

பிறந்தநாள் என்றாலே எனக்கு வேப்பங்காய் என்பது உனக்குத் தெரியும். போரிலிருந்து திரும்பிய வருஷம் அம்மா ஆசையாகக் கேக் செய்து வைத்தபோது நான் பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேனே, அதற்கு நீ இன்றுவரை காரணம் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். அந்தக் குன்றுச் சண்டையில் நான் குறிபார்த்து ஒருமுறை சுட்டேன். எதிர்ப்பக்கம் பாறைமேல் நின்ற நெட்டையன் ஒருவன், ஒட்டகமே பொறாமைப்படும் கழுத்து, அதில் ஒரு சிவப்புத் துண்டு, அப்படியே பின்னால் சாய்ந்து மறைந்தான். அன்றிலிருந்து எனக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம், 'அவனுக்குக் கூடவில்லையே' என்ற நினைப்பு முந்திக்கொண்டு வந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிடும். ஓய்வு பெற்றபின் நாவல் எழுத உட்கார்ந்தேனா, வீரம், தியாகம், வெற்றி என்று எங்கே சுற்றினாலும் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஒரு நெட்டையன் பாறையிலிருந்து விழுந்து சாவான். உன் அண்ணி பிரதியைப் படித்துவிட்டு, "ஏங்க, உங்க புத்தகத்துல குள்ளமானவங்க யாருமே சாக மாட்டாங்களா?" என்பாள். பதிப்பாளரோ அதையே என் தனி முத்திரை என்று பின்னட்டையில் போட்டு விற்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். எண்பது ஆயிற்றே என்று மகனும் மருமகளும் எனக்குத் தெரியாமல் பிறந்தநாள் விழா ஏற்பாடு செய்து, நான் முடி வெட்டிக்கொண்டு திரும்பி வந்து கதவைத் திறந்ததும் எல்லாரும் கைதட்ட, மருமகள் பதற்றத்தில் ஒரு பலூனை நசுக்க, அது வெடிக்க, பழக்கதோஷம், நான் மேஜைக்கடியில் படுத்துவிட்டேன். படுப்பது சுலபம், எழுவதுதான் கஷ்டம். மகன் ஒரு காலையும் பக்கத்துவீட்டுத் தையல்காரர் ஒரு காலையும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. மேஜைக்கடியிலிருந்து பார்த்தேன். புதிதாக இரண்டு கால்கள் உள்ளே வந்தன. அவை மேலே போய்க்கொண்டே இருந்தன, முடிகிற வழியாகக் காணோம்.

"தளபதியே! உமது கோட்டைக்குள் நுழைய அனுமதி கோருகிறேன்!" என்றது ஒரு குரல்.

மகன்தான் நாடகக்காரரை வாடகைக்குப் பிடித்திருக்கிறான் என்று நினைத்து உன் அண்ணி, "வேஷம் போடாம வந்துட்டீங்களே, முகம் கழுவிட்டு வர்றீங்களா?" என்று கேட்டாள். வந்தவர் நாடகக்காரர் இல்லை. அன்று நாங்கள் யாரோடு சண்டை போட்டோமோ அந்த நாட்டுக்காரர். அவருடைய மகள் இங்கே வாழ்க்கைப்பட்டு, தபாலாபீஸுக்குப் பின்தெருவில் குடியிருக்கிறாள். மகளோடு தங்க வந்தவர் நம் மொழியை என் நாவல்களைப் படித்தே கற்றுக்கொண்டாராம். அதனால் அவருக்கு வேறு மாதிரிப் பேச வராது. காய்கறிக்கடையில், "உருளைக்கிழங்குகளை உடனே ஒப்படை! எதிர்ப்பது வீண்!" என்றிருக்கிறார். கடைக்காரர் தராசைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டாராம்.

எனக்குப் பிறந்தநாள் என்று தையல்காரர் சொல்லித்தான் வந்தாராம். அவர் குனிந்து என்னை வெளியே இழுத்து நிறுத்தினார். நான் அந்தக் கழுத்தைப் பார்த்தேன். அதே ஒட்டகக் கழுத்து!

"நீர் எழுதுகிறீரே ஒரு நெட்டையன், அவன் நானே," என்றார். "நான் சாகவில்லை."

அடி என் தங்கையே, அந்த நிமிஷம் என்னைப் பார்த்திருக்க வேண்டும்! நம்பமுடியாமல் அவர் தோள், கை, காது எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். "எங்க நின்னீங்க? காட்டுங்க!" என்று அவரைக் கேக்குக்கு முன்னால் இழுத்துப் போனேன். கேக்தான் குன்று, மெழுகுவத்திகள் எங்கள் படை, கத்தி ஆறு. அவர் விரலை நீட்டிச் சரியான இடத்தில் அழுத்தினார். நாவலில் நான் எழுதியிருக்கும் அதே இடம்!

"மழை. பாசி. வழுக்கிற்று. பள்ளத்தில் கிடந்தேன். உமது குண்டு என் பக்கத்தில்கூட வரவில்லை. நீர் மிக மோசமாகச் சுடுபவர்."

இவ்வளவு இனிமையான வசவை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அவரைக் கட்டிக்கொண்டேன், என் தலை அவர் சட்டைப்பை வரைதான் எட்டியது. மருமகள் அழ, தையல்காரர் அழ, உன் அண்ணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சரி சரி, குன்றைப் பங்கு போடட்டுமா?" என்றாள். அத்தனை மெழுகுவத்தியையும் நானே ஊதினேன், பல்செட்டு கழன்று விழாத குறை!

மறுநாளே பதிப்பாளருக்குப் போன் செய்து, இனிமேல் போர் நாவல் கிடையாது, என் போர் நேற்றோடு முடிந்தது என்றேன். "சார், நெட்டையன் சாகலேன்னா எப்படி சார் விக்கும்?" என்று மனிதர் விம்மினார். போகட்டும். இனி தோட்டக்கலை எழுதப்போகிறேன்.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். நீயும் மாப்பிள்ளையும் என்னைவிட அதிகப் பிறந்தநாள்கள் கண்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நீடூழி வாழ்க.

உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் நெட்டையரின் மகள் வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "மாமா, அப்பாவ மன்னிச்சிடுங்க. அவரு போர்முனைக்கே போனதில்ல. ராணுவ பேண்டுல கிளாரினெட் வாசிச்சவரு. உங்க புத்தகம் எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டு, 'பாவம், இந்த மனுஷன் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கொன்னு அழுதுட்டிருக்காரு. யாராவது போய் உயிரோட நிக்கணும்'னாரு. எங்க தெருவுல அவர்தான் உயரம்," என்றாள். பாறையில் நின்றவன் யாரோ, அவன் கதி என்னவோ, அது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. "நீ வந்து சொன்னது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்மா," என்று அவளை அனுப்பினேன். போகும்போது அவருக்கு எப்போது பிறந்தநாள் என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த மாதமாம். நேரே பேக்கரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "எவ்வளவு பெருசு வேணும் சார்?" என்றார் கடைக்காரர். அகலம் எப்படியிருந்தாலும் சரி, உயரமாக இருக்கட்டும் என்றேன்.