வானகரம் முப்பந்தயம்

துலுக்கானம் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய் உட்கார்ந்ததைப் பார்த்ததும், கலியமூர்த்திக்கு வாயில் வைத்த தயிர்சாதம் உள்ளே இறங்க மறுத்தது. போனவன் சும்மா போகவில்லை. குணசேகரனுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்த வருஷம் எந்த முப்பந்தயத்துக்குப் போகலாம் என்று கேட்டான்.

அந்தக் கேள்வி கலியமூர்த்தியின் சொத்து. ஆவடி தொழிற்சாலை கேன்டீனில் அதை வேறு யாரிடமும் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது.

மழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியதும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்து இளைஞர் மன்றங்கள் முப்பந்தயம் நடத்தும். ஏரியில் நீந்தி, கரையேறி சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்க வேண்டும். லேத் பிரிவில் வேலை பார்க்கும் கலியமூர்த்தி அவற்றில் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. ஆனால் எது நல்ல போட்டி என்று சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பெரிய போட்டிகள் அவனுக்கு ஆகாது. அங்கே முதுகில் நம்பரை ஒட்டி மந்தையை ஓட்டுகிற மாதிரி ஓட்டுவார்கள், கடைசியில் வருகிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்பான். பருத்திப்பட்டில் தண்ணீர் சுத்தம். அயப்பாக்கத்தில் ரோடு சமதரை. கரையான்சாவடிக்காரர்கள் கடைசியில் வருகிறவனுக்கும் கைதட்டி, இலை போட்டுச் சாப்பாடு போடுவார்கள். அவன் பேச்சைக் கேட்டுப் போனவர்கள் திரும்பி வந்து, "சொன்ன மாரியே இருந்துச்சு அண்ணாத்தே" என்று சொல்லும்போது அவன் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவான்.

குணசேகரன் போன வருஷம்தான் திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவன். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஆள். திருநின்றவூர்ப் போட்டி நன்றாக இருக்கும் என்று அவன் துலுக்கானத்திடம் சொன்னது கலியமூர்த்தியின் காதில் விழுந்தது. திருநின்றவூர் உண்மையிலேயே நல்ல போட்டிதான். அதுதான் பொறுக்கவில்லை.

"திருநின்றவூரெல்லாம் இன்னா போட்டி?" என்றான் உட்கார்ந்த இடத்திலிருந்தே. "வானகரம் போட்டியப் பாக்காதவன் போட்டியே பாக்காதவன், நைனா."

வானகரத்தில் போட்டி எதுவும் கிடையாது. வாய் முந்திக்கொண்டுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அவனால் நிறுத்தவும் முடியவில்லை. அலை அடிக்காத ஏரி, இரண்டு பக்கமும் புளியமரம் நிழல் போட்ட சைக்கிள் பாதை, முடித்தவர்களுக்குச் சுடச்சுட வெண்பொங்கல் என்று அடுக்கிக்கொண்டே போனான். துலுக்கானம் தட்டோடு திரும்பி வந்தான். குணசேகரனும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சந்தோஷம் அந்த வாரத்தோடு சரி. திங்கட்கிழமை துலுக்கானம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"எம் மச்சான் ஊடு வானகரத்துலதான் கீது. அந்த மாரி போட்டியே அங்க இல்லன்றான். இன்னா அண்ணாத்தே, கத உட்டியா?"

இத்தனை வருஷம் சேர்த்து வைத்த பேர் இன்றோடு போச்சு என்று கலியமூர்த்தி நினைத்த நேரத்தில் குணசேகரன் வாயைத் திறந்தான்.

"இருக்குங்க. போன வருஷம் நான் போயிருக்கேன். சின்னப் போட்டி, ஊர்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணன் சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு."

வேறு யாராக இருந்தாலும் அவன் இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள். கலியமூர்த்திக்கோ வயிறு எரிந்தது. கூசாமல் பொய் சொல்கிறான் பாவி, அதுவும் என்னுடைய பொய்யை எடுத்துச் சொல்கிறான் என்று பொருமினான். பொய் என்று போட்டு உடைக்கவும் வழியில்லை. உடைத்தால் முதலில் உடைவது தன் மண்டைதான். அன்றிலிருந்து வானகரத்தைப் பற்றி எல்லோரும் குணசேகரனிடமே கேட்டார்கள். நேரில் போய் வந்தவன் ஆயிற்றே.

அந்தப் போட்டியின் பேரைக் கெடுத்துவிடலாம் என்று பார்த்தான் கலியமூர்த்தி. ஏரியில் அட்டை ஜாஸ்தி, தொடையில் ஒட்டினால் விடாது என்று பயமுறுத்தினான். கரையோரம் மட்டும்தான், உப்பு வைத்தால் உதிர்ந்துவிடும் என்றான் குணசேகரன். அதைக் கேட்டதும், அதுவரை தயங்கிக்கொண்டிருந்தவர்களும் குணசேகரனிடம் பேர் கொடுத்தார்கள். வழியெல்லாம் நாய்த் தொல்லை என்றான் கலியமூர்த்தி. பிஸ்கட் எடுத்துக்கொண்டு போகலாம் என்று முடிவானது.

கடைசியில் ஒரு நாள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வந்து, மதகு உடைந்து தண்ணீரெல்லாம் போய்விட்டதாம், இந்த வருஷம் வானகரம் போட்டி இல்லை என்று அறிவித்தான். எல்லோரும் அவனை விட்டுவிட்டு, அது சரிதானா என்று குணசேகரனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் அவனைக் கொன்றது.

"நடக்குதுண்ணே," என்றான் குணசேகரன் மெதுவாக. "வர்ற ஞாயித்துக்கிழம காலைல. நானே போய் விசாரிச்சுட்டு வந்தேன். நீங்களும் அவசியம் வரணும்."

லேசாகச் சிரித்த மாதிரியும் இருந்தது. கலியமூர்த்தி குவார்ட்டர்ஸுக்கு வந்து சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தான். என்ன விஷயம் என்று மனைவி வசந்தகுமாரி கேட்டாள். குணசேகரன் என்று பேரைச் சொன்னதும், தங்கமான மனுஷன் ஆயிற்றே, ரேஷன் கடையில் பார்த்தபோதுகூட உங்களைப் பற்றித்தான் உசத்தியாகப் பேசினார் என்றாள்.

"என் தலையில மொளகா அரைக்கிறவன் உனக்குத் தங்கமா கீறானா?" என்று சீறிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

சோற்றைப் பிசையும்போதுதான் அந்த யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமே. அத்தனை பேரும் வெறும் ஏரிக்கரையில் போய் நிற்பார்கள். போட்டி எங்கே என்று யாரைக் கேட்பார்கள்? போன வருஷம் போனேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவனை. இந்த வருஷம் கிடையாது என்று முன்னாலேயே எச்சரித்த கலியமூர்த்தி யோக்கியன். குணசேகரன் அதற்கப்புறம் கேன்டீன் பக்கம் எப்படித் தலைகாட்டுவான் என்று நினைக்க நினைக்க ரசம் ருசித்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ராத்திரி வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த குவார்ட்டர்ஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை. கலியமூர்த்தி சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவேற்காடு வழியாக மிதித்தான். எதிரி அவமானப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், ஆனால் தான் வந்தது தெரியக்கூடாது. அதனால் ஏரிக்கரைக்கு ஏறும் இடத்தில் இருந்த வேம்புலியம்மாளின் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் ஒதுங்கி எட்டிப் பார்த்தான்.

ஏரியில் லாரி டியூப்கள் வரிசையாக மிதந்தன. கரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. மூங்கில் கட்டி அதில் சைக்கிள்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். புளியமரத்தடியில் அண்டாவில் வெண்பொங்கல் கொதித்தது. துலுக்கானம் அரை டிராயரோடு நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் நடுவில் கழுத்தில் விசிலோடு குணசேகரன்.

கலியமூர்த்தி வாய்க்கு வந்ததை உளறியது அப்படியே நிஜமாக இருந்திருக்கிறது. குணசேகரன் பொய்யே சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஏரி ஏரியாகச் சுற்றிய தனக்குத் தெரியாத ஒரு போட்டி, நேற்று வந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருக்கலாம். இதை எப்படி மன்னிப்பது? பொறாமையில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

எவ்வளவு காலமாகத் தான் ஏமாந்திருக்கிறோம் என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. வேம்புலியம்மாளிடம் ஒரு டீ சொல்லிவிட்டுக் கேட்டான்.

"ஏம்மா, இந்தப் போட்டி எத்தினி வருசமா இங்க நடக்குது?"

அவள் கிளாஸை அலம்பிக்கொண்டே சொன்னாள்.

"இன்னா வருசம்? இதான் மொத தபா. அதோ விசிலு மாட்டிக்கினு கீறாரே கண்ணாடிக்காரரு, அவரு ஒரு நாளு வந்து இங்க போட்டி எங்க நடக்குதுன்னு கேட்டாரு. அப்டி ஒண்ணும் இங்க இல்லியேன்னேன். 'அப்ப நாமளே நடத்திட வேண்டியதுதாம்மா, எங்க அண்ணன் நாலு பேரு முன்னால சொல்லிட்டாரு'ன்னுட்டுப் போனாரு."